தரையைத் தட்டினால் 'டொம்' என்கிறதா?

காரைக்குடிப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடம் முழுக்க ஆத்தங்குடிக் கல். கையிலிருந்து ஒரு கரண்டி நழுவி விழுகிறது. 'டக்' என்று சத்தம். இன்னொரு நாள் இரண்டு கல் தள்ளி அதே கரண்டி விழுகிறது. இந்த முறை 'டொம்'. பறையைத் தட்டியது போல. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டால், "அது ஒண்ணும் பண்ணாது ஆச்சி, ஓரத்துல சிமெண்டுப் பால் ஊத்திட்டாச் சரியாப் போயிரும்" என்கிறார். நம்பலாமா?

பாதி நம்பலாம். அந்த 'டொம்' சொல்லும் சேதி ஒன்றே ஒன்றுதான்: மேலே இருக்கும் அடுக்கு கீழே இருக்கும் அடுக்கோடு ஒட்டவில்லை, நடுவில் காற்று இருக்கிறது. அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஆபத்து உண்டா என்பது அந்தக் காற்று எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலுக்குக் கீழேயா, சுவரிலா, தலைக்கு மேலேயா என்று பார்க்கவேண்டும்.

இந்தச் சத்தத்துக்குத் தனியாகப் பெயர் உண்டா?

உண்டு. நம் ஊர்க் கட்டட வேலையில் 'ஹாலோ சவுண்டு' என்பார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் பூச்சுவேலைக்காரரும் சுரங்கத் தொழிலாளரும் 'டிரம்மி' என்று சொல்வதுண்டு. தோல்கருவிக்கு அவர்கள் சொல்லும் 'டிரம்' என்ற பெயரோடு ஒரு விகுதி சேர்ந்து பிறந்த சொல் அது; பறை போன்றது என்று பொருள். சுரங்கத்தின் மேற்கூரையைக் கம்பியால் தட்டி, 'டிரம்மி' என்று கேட்டால் அந்தப் பாறை பிடிப்பு விட்டுத் தொங்குகிறது, கீழே நிற்காதே என்று அர்த்தம். மருத்துவர்கள் இதே ஒலிக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த 'டிம்பானிக்' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். அதற்கு மூலமான 'டிம்பனான்' என்பதும் பறைதான். காதுக்குள் இருக்கும் சவ்வை நாம் செவிப்பறை என்கிறோம். அவர்களும் பறையின் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

சரி, காற்று இருந்தால் ஏன் பறைபோல ஒலிக்கவேண்டும்?

கல்யாண வீட்டுத் தவிலைப் பாருங்கள். உள்ளே குடைந்த பலாமரம், இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய தோல். தோலுக்குப் பின்னால் திடப்பொருள் எதுவும் இல்லாததால் அது தாராளமாக அதிர்கிறது. அதே தோலை ஒரு கருங்கல்லோடு ஒட்டிவிட்டுத் தட்டினால் நாதம் எழாது. அடியின் வேகத்தைக் கல் உள்வாங்கிவிடும்.

தரையிலும் இதுதான் நடக்கிறது. கலவையோடு முழுசாகப் பிடித்திருக்கும் கல்லைத் தட்டினால் அதிர்வு அடித்தளத்துக்குள் இறங்கிவிடுகிறது. குறுகிய, கூர்மையான 'டக்' மட்டும் வருகிறது. கல்லுக்கு அடியில் இடைவெளி இருந்தால் அந்தப் பகுதி தோல்போலத் தனியாக அதிர்கிறது. சத்தம் கனமாகவும் சற்று நீண்டும் வருகிறது. இடைவெளி அகலமாக இருந்தால், மேலே இருக்கும் அடுக்கு மெல்லியதாக இருந்தால், 'டொம்' இன்னும் தாழ்ந்து, இன்னும் உரக்கக் கேட்கும். ஆழத்தில், தடித்த அடுக்குக்குக் கீழே இருக்கும் இடைவெளி காதுக்கு அகப்படாமல் போகலாம். அதனால் 'டொம்' கேட்டால் இடைவெளி இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கேட்காவிட்டால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

மருத்துவர் வயிற்றில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டுகிறாரே, அதுவும் இதே சோதனைதான். உடலைத் தட்டி நோயறியும் முறையை 1761-இல் வியன்னா மருத்துவர் லியோபோல்ட் அவன்பிரகர் நூலாக வெளியிட்டார். அவர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயில் சரக்கு எதுவரை இருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் வழக்கத்திலிருந்து பிறந்த யோசனை இது என்று சொல்வார்கள். வயிற்றில் வாயு இருக்கும் இடம் பறைபோல ஒலிக்கும். ஈரல் இருக்கும் இடம் மந்தமாக ஒலிக்கும். வயிறு 'டொம்' என்றதும் எந்த மருத்துவரும் பதறுவதில்லை. அங்கே ஓரளவு காற்று இருக்கவேண்டியதுதான். மந்தமாக ஒலிக்கவேண்டிய இடத்தில் பறை கேட்டால்தான் யோசிக்கிறார். உங்கள் தரையையும் இந்தக் கண்ணோட்டத்தோடுதான் தட்டிப் பார்க்கவேண்டும்.

'கடையில் தட்டிப் பார்த்தபோது கணீர் என்றதே, அது நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். நல்லதுதான். கையில் தனியாகப் பிடித்திருக்கும் கல், செங்கல், மண்பானை எல்லாம் கணீர் என்று ஒலித்தால் விரிசல் இல்லை, நன்றாக இறுகியிருக்கிறது என்று பொருள். சுற்றிலும் காற்று இருக்கும்போது ஒலிப்பது அதன் ஆரோக்கியம். பதித்த பிறகு ஒலிப்பதுதான் கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல்லில் மட்டும் இந்தத் தொல்லை அதிகமா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அதன் இயல்பு தெரியாதவர் பதித்தால் வரும். ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்த கல் அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ வார்ப்பில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணல்–சிமெண்டைத் தூவி, கடைசியில் ஈரக்கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு அது தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறி இறுகி, வெயிலில் காய்கிறது. கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் அந்தப் பளபளப்பு. முழுக்கச் சிமெண்டு என்பதால் கல்லின் முதுகு சொரசொரப்பாக இருக்கும், தண்ணீரைக் குடிக்கும்.

முதுகு சொரசொரப்பாக இருப்பது பிடிப்புக்கு நல்லது. தண்ணீர் குடிப்பது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. காய்ந்த கல்லை அப்படியே ஈரக்கலவையில் வைத்தால், கலவையிலிருக்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். இறுகத் தண்ணீர் இல்லாத கலவை மாவாகிப் போகும். முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. நடமாட நடமாட மாவு விலகி, 'டொம்' பிறக்கும். அதனால் பதிப்பதற்கு முன் கல்லின் முதுகை நனைத்துத் தூசியைக் கழுவச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட வைக்கவேண்டாம். ஈரம் இருந்தால் போதும்.

வழவழப்பான விட்ரிஃபைடு டைலில் (மிக அதிக வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுக்கிய ஓடு) கதை தலைகீழ். அது தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. வெறும் சிமெண்டுப் பால் அதன் முதுகைப் பற்றாது. அதற்கென்றே விற்கும் டைல் பசை வேண்டும். 'எங்கப்பா காலத்துலேர்ந்து சிமெண்டுலதான் ஒட்டுறோம்' என்று யாராவது சொன்னால், அப்பா காலத்தில் அந்த டைல் இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள்.

வேறு என்ன காரணங்களால் காற்று புகுகிறது?

பெரும்பாலும் அவசரம். கல்லின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை கலவையை வைத்து அமுக்கிவிடுவார்கள். மட்டம் சுலபமாக வரும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உருண்டைகளுக்கு இடையே இருப்பதெல்லாம் காற்று. இதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். கலவை கல்லின் முதுகு முழுக்கப் பரவியிருக்கிறதா என்று தெரிய ஒரு சின்னத் தந்திரம் உண்டு: பதித்த சூட்டோடு ஏதாவது ஒரு கல்லைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் கலவை முழுசாக அப்பியிருக்கவேண்டும். வேலையின் முதல் நாளே இதைக் கேட்டுவிட்டால், நீங்கள் கவனிக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அதன் பலன் கடைசி நாள்வரை இருக்கும்.

பதித்த மறுநாளே கலவை இறுகும் முன் அதன்மேல் நடப்பது, பிசைந்து வெகுநேரம் கிடந்த கலவையைத் தண்ணீர் தெளித்து மறுபடி பயன்படுத்துவது, தளத்தைக் கூட்டாமல் தூசியின் மேலேயே வேலை செய்வது ஆகியவையும் காரணங்கள்தான். சுவரோரத்தில் துளி இடைவெளியும் விடாமல் கல்லை இறுக்கி அடிப்பதும் தவறு. வெயிலில் தரை விரியும்போது போக இடமில்லாமல் நடுவில் எழும்பும். சிவகங்கைச் சீமையின் கோடையில், மொட்டைமாடியிலும் முற்றத்திலும் இது சகஜம்.

தட்டிப் பார்ப்பது எப்படி?

கருவி எதுவும் வாங்கவேண்டாம். ஒரு ஐந்து ரூபாய் நாணயமோ சின்ன மரக்கட்டையோ போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெரு அடங்கிய நேரத்தில் ஆரம்பியுங்கள். முதலில் நன்றாக ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தைத் தட்டி, அந்த 'டக்'கைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கல்லிலும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். பலமாக அடிக்கவேண்டாம், ஒரே அளவாகத் தட்டினால்தான் வித்தியாசம் தெரியும். 'டொம்' கேட்கும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வளைத்துக் கோடு போடுங்கள். பெரிய கூடமாக இருந்தால் கோலிக்குண்டை மெல்ல உருட்டிவிடுங்கள்; சத்தம் மாறும் இடத்தில் குனிந்து தட்டிக்கொள்ளலாம்.

எப்போது தட்டவேண்டும் என்பதும் முக்கியம். கலவை இறுக இரண்டு மூன்று நாள் விட்டு, இணைப்புகளை அடைப்பதற்கு முன் தட்டினால், பெயர்த்து மறுபடி பதிப்பது எளிது. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு என்பதையும் நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

கோடு போட்டாயிற்று. இனி எல்லாவற்றையும் பெயர்க்கவேண்டுமா?

வேண்டாம். தரை காலுக்குக் கீழே இருக்கிறது. விழுவதற்கு இடம் இல்லை. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கையில் பாதியளவுக்கு 'டொம்' கேட்கும் கல், படுக்கையறையில் பல வருடம் அப்படியே கிடக்கும். ஆத்தங்குடிக் கல் தடிமனானது, சுமார் 2 சென்டிமீட்டர். அந்தச் சின்ன இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். அங்கே மேஸ்திரி சொன்னதை நம்பலாம்.

பாரமும் நடமாட்டமும் தண்ணீரும் சேரும் இடத்தில் நம்பக்கூடாது. நிலைவாசல், மாடிப்படியின் விளிம்பு, இரும்புப் பீரோ நிற்கும் இடம், சமையலறையில் கிரைண்டர் வைக்கும் மூலை, குளியலறை ஆகிய இடங்களில் கல்லின் நடுவில் 'டொம்' கேட்டால், அல்லது மிதிக்கும்போது கல் ஆடினால், மாற்றிவிடுங்கள். ஆடும் கல்லின் இணைப்பு விடும். இணைப்பு விட்டால் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் பக்கத்துக் கல்லையும் பிரிக்கும்.

ஓரத்தில் சிமெண்டுப் பால் ஊற்றினால் போதாதா? இணைப்பில் ஊற்றும் பால் கண்ட இடத்தில் நின்றுவிடும்; உள்ளே போனதா என்று யாருக்கும் தெரியாது. கல்லைப் பெயர்க்க மனமில்லையென்றால், இணைப்பில் சிறு துளை போட்டு, ஒரு துளை வழியாகத் திரவக் கலவையை அழுத்தத்தோடு செலுத்தி, இன்னொரு துளை வழியாக அது வெளிவரும்வரை நிரப்புவார்கள். இறுகியபின் மறுபடி தட்டிப் பாருங்கள். 'டக்' என்றால் வேலை நடந்திருக்கிறது, இல்லையென்றால் நடக்கவில்லை.

மாற்றுவதென்றால் அதே பூ, அதே நிறத்தில் கல் கிடைக்கவேண்டும். ஆத்தங்குடிக் கல் கையால் செய்வது. இந்த மாதம் கலக்கிய சிவப்பும் அடுத்த வருடம் கலக்கும் சிவப்பும் ஒன்றாக இருக்காது. வாங்கும்போதே நூற்றுக்குப் பத்துக் கல் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். செலவு கொஞ்சம்தான். இல்லாவிட்டால் கூடத்தின் நடுவில் ஒரே ஒரு வெளிறிய பூவோடு காலம் தள்ளவேண்டிவரும்.

ஒரு சந்தேகம் இங்கே எழும்: தரை முழுவதுமே ஒரே மாதிரி லேசாக 'டொம்' என்றால்? அப்போது கோளாறு கல்லில் இல்லாமலும் இருக்கலாம். அடியில் மணல் மெத்தை இருந்தாலோ, கீழே அறை இருக்கும் மாடித் தரையாக இருந்தாலோ சத்தம் பொதுவாகவே கனத்துக் கேட்கும். பக்கத்துக் கல்லோடு ஒப்பிட்டு மாறுபடுவதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சுவர் 'டொம்' என்றால்?

இது கொஞ்சம் கவலைப்படவேண்டிய விஷயம். பழைய வீடு உங்களிடம் இருந்தால் இன்னும் கவலைப்படவேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பால் ஆனது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி என்று அடுக்கடுக்காகப் பூசி, மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். பல அடுக்கு என்பதால், எந்த இரண்டு அடுக்குக்கு நடுவிலும் பிரிவு வரலாம். 

காரணம் பெரும்பாலும் தண்ணீர். வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றி ஓடு சரிந்து இறங்கும் இடம், மழைத் தண்ணீர் சேர்ந்து வழியும் மூலை, பல வருடம் பூட்டிக் கிடந்த இரண்டாம் கட்டு ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். அங்கேதான் 'டொம்' அதிகம் இருக்கும். ஓட்டையை அடைக்காமல் சுவரைச் சரிசெய்வது வீண் செலவு. முதலில் கூரை, பிறகுதான் பூச்சு.

இரண்டாவது எச்சரிக்கை: 'டொம்' கேட்கும் இடத்தைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரமும் உப்பும் பக்கத்தில் நன்றாக இருந்த பழைய பூச்சைத் தேடிப் போகும். ஓரிடத்து 'டொம்' நான்கைந்து வருடத்தில் சுவர் முழுக்கப் பரவுவது இப்படித்தான். பூச்சு கையால் அழுத்தினால் அசையாமல் நிற்கிறதென்றால், துளை போட்டு உள்ளே நனைத்து, சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் செலுத்தி மறுபடி ஒட்டவைக்கும் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அசைகிறதென்றால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதற்கு இந்த வீடுகளே காரணம். ஒரு மூட்டை சிமெண்டில் கெடுக்கும் அளவுக்கு மலிவானவை அல்ல.

புது வீட்டின் சிமெண்டுப் பூச்சில் கேட்டால்? செங்கலை நனைக்காமல் பூசினார்கள், அல்லது தூணும் சுவரும் சேரும் இடத்தில் கம்பிவலை வைக்கவில்லை, அல்லது போதிய நாள் தண்ணீர் விடவில்லை. கைக்கெட்டும் உயரத்தில் சிறிதாக இருந்தால் காத்திருந்து பார்க்கலாம். மழை பெய்யும் வெளிச்சுவரிலும், தலை உயரத்துக்கு மேலே ஒட்டிய டைலிலும் காத்திருக்கக்கூடாது.

தலைக்கு மேலே?

இங்கேதான் மேஸ்திரியின் 'ஒண்ணும் பண்ணாது' செல்லாது. கான்கிரீட் கூரையின் அடிப்புறத்தை மூங்கில் கம்பால் தட்டி 'டொம்' கேட்டால், பூச்சு மட்டும் விட்டிருக்கலாம், கம்பியே துருப்பிடித்திருக்கலாம். துரு, அது பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். வெளியே தள்ளும்போது கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் தோல் தனியாகக் கழன்றுகொள்ளும். பொறியாளர்கள் இதை டெலாமினேஷன் (அடுக்கு பிரிதல்) என்பார்கள். பாலங்களின் மேல் சங்கிலியை இழுத்துக்கொண்டே நடந்து, சத்தம் மாறும் இடத்தைக் குறிப்பதும் இந்த நோயைத் தேடித்தான்.

இந்த இரும்பு அரிப்பை ஆராயும் இடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஊரார் 'சிக்ரி' என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1953 ஜனவரியில் திறப்பு விழா நடந்தது. கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதும் அங்கே நடக்கும் ஆய்வுகளில் ஒன்று.

நீங்கள் செய்யவேண்டியது இது. 'டொம்' கேட்ட இடத்துக்கு நேர்கீழே கட்டிலோ தொட்டிலோ இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள். கம்பி ஓடும் திசையில் நேர்க்கோடாக விரிசலோ, பழுப்புக் கறையோ தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் கொத்தனாரை விட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் பிரிந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியில் துருவைச் சுரண்டி, எவ்வளவு இளைத்திருக்கிறது என்று அளந்து, பாதுகாப்புப் பூச்சுக் கொடுத்து, அதற்கான கலவையால் மூடச் சொல்வார். துருவை அப்படியே விட்டுவிட்டு மேலே பூசி வெள்ளையடித்தால், அடுத்த மழைக்காலத்தில் கூடுதல் கனத்தோடு விழும்.

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் ஒரு மூங்கில் கம்பைக் கையோடு எடுத்துப் போங்கள். தரையின் பூவேலையைப் பார்த்து மயங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். குளியலறைக் கூரை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் தளம், சன்னல் மேல் நீட்டிய சன்ஷேடு என்று மூன்றை முதலில் தட்டுங்கள். ஈரம் அதிகம் தங்குவது அங்கேதான்.